காலி டப்பாவின் எடை

திங்கட்கிழமை, கடையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் பாப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உள்ளே இருப்பவனைப் பார்த்து நலமா என்று கேட்டால் அது விசாரிப்பு இல்லை, குத்திக்காட்டல்.

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப் போகும் சிறை ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் ரகசியம் எதுவும் இல்லை, திட்டு மட்டும்தான் இருக்கிறது. தங்களை எனக்குத் தெரியாது என்பதால் தங்களைத் திட்டவில்லை, தைரியமாகப் படிக்கலாம். போன கடிதம் டீ வட்டத்தோடு வந்து சேர்ந்தது என்று தம்பி எழுதியிருந்தான். இந்தத் தடவை டம்ளரை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஜாமீன் மனு இரண்டாம் தடவையும் தள்ளுபடி. வக்கீல் உனக்குத் தகவல் சொல்லியிருப்பார் என்று நினைக்காதே. வாய்தா கேட்பதற்கு மட்டும்தான் அவர் வாய் திறக்கும். அதனால்தான் நான் அவருக்கு வாய்தா என்றே பெயர் வைத்துவிட்டேன். கடையைப் பூட்டிவிட்டு நானே கோர்ட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தவளுக்கு மூன்றரைக்குத்தான் உன் பெயர் காதில் விழுந்தது. வாய்தா எழுந்தார், கோட்டை இழுத்துவிட்டார், தொண்டையைக் கனைத்தார். கனைத்து முடிப்பதற்குள் நீதிபதி கோப்பில் ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோவுக்கு மேல. தள்ளுபடி" என்று அடுத்த கோப்பை எடுத்துவிட்டார். நம் கடையில் ஒரு கட்டுப் பழைய பேப்பரை எடை போடுவதற்குக்கூட இதைவிட நேரம் ஆகும். முடிச்சை அவிழ்த்து, நடுவில் கல் வைத்திருக்கிறார்களா என்றாவது பார்ப்போம்.

வெளியே வந்து வாய்தாவைப் பிடித்துக்கொண்டேன். "சட்டம் அப்படிம்மா. போதைத் தூள் ஒரு கிலோவுக்குக் கீழ இருந்தா ஜாமீன் கேக்கலாம். மேல போயிடுச்சுன்னா பெரிய வியாபாரின்னு அர்த்தம். சுவத்துல முட்டிக்கற மாதிரிதான்" என்றார். சுவரில் முட்டிக்கொள்ள என் தலையே போதுமே, அதற்கு உங்கள் தலை எதற்கு என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு முந்தின கோப்பு யாருடையது தெரியுமா? ஒரு பங்களாக்காரரின் மகன். கார் டிக்கியில் நாலு பொட்டலத்தோடு பிடிபட்டவன். நாலும் சேர்த்து ஒரு கிலோவுக்கு எழுபது கிராம் குறைவாம். எவ்வளவு பொறுப்பான பிள்ளை பார், வரம்பு மீறாமல் கடத்தியிருக்கிறான்! அவனுக்கு மூன்று வக்கீல். ஒருவர் அவனுக்கு மூச்சிரைப்பு என்றார், ஒருவர் பரீட்சை என்றார், மூன்றாமவர் சும்மா பக்கத்தில் நின்று மணத்துக்கொண்டிருந்தார். நீதிபதி அவனைப் பார்த்து, "பரீட்சை எப்போப்பா?" என்று கேட்டார். சொந்தத் தாய்மாமன்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டான். அவன் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டான்.

ஈயச் சொம்புக்காரம்மா நேற்றுக் கடைக்கு வந்திருந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், மகன் அந்தத் தூளுக்கு அடிமையாகி, ஈயச் சொம்பில் தொடங்கி வீட்டுப் பாத்திரத்தை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போடுகிறாரே, அவர்தான். இந்தத் தடவை சோறு வடிக்கிற பெரிய பானை. அடியில் கரிகூடக் காயவில்லை. இனிமேல் எதில் சமைப்பீர்கள் என்று கேட்டேன். "சமைக்க என்ன இருக்கும்மா" என்றார். அந்தத் தூளை விற்கிறவன் கை அழுகிப்போக. அவனெல்லாம் வெளியே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சுற்றுகிறான், ஒரு பாவமும் அறியாத என் தம்பி உள்ளே கம்பி எண்ணுகிறான்.

போலீஸ் பஸ்ஸை நிறுத்தி, உன் காலடியில் இருந்த பையைத் தூக்கி இன்றோடு அறுபத்து மூன்று நாள். பக்கத்து ஸீட்டுக்காரன் இறங்கும்போது விட்டுவிட்டுப் போன பை என்று அன்று முதல் நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். போலீஸ் நம்பவில்லை, நீதிபதி நம்பவில்லை, வாங்கின கூலிக்குக்கூட வாய்தா நம்பவில்லை. மாடி வீட்டுக்காரி என்னைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்துகிறாள். சாத்திக்கொள்ளட்டும், எனக்கும் காற்று வேண்டாம். பாப்பா மேல் சத்தியம் பண்ணியிருக்கிறாய், எனக்கு அது போதும்.

தைரியமாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்மேல் உயிரை வைத்திருக்கும் அக்கா

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் துள்ளிக் குதித்து யார் காலையாவது மிதிப்பாய். சிறை ஐயாவும் உட்கார்ந்து படிக்கலாம்.

நேற்று வாய்தாவின் ஆபீசுக்குப் போய், உன் கோப்பைக் கொடுங்கள் என்றேன். "உங்களுக்குப் புரியாதும்மா" என்றார். புரிகிறவர்கள் படித்த லட்சணத்தைத்தான் இரண்டு தடவை பார்த்தேனே என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து படித்தேன். பாதி எழுத்து ஜெராக்ஸில் கருகிப்போயிருந்தது. மூன்றாம் பக்கத்தில், போலீஸ் கைப்பற்றிய பொருள் பட்டியல். அதில் இப்படி இருக்கிறது: துணிப் பை ஒன்று. அதனுள் மூடியுடன் தகர டப்பா ஒன்று. டப்பாவில் வெள்ளைத் தூள். மொத்த எடை ஒரு கிலோ இருநூற்றுத் தொண்ணூறு கிராம்.

நாலு தடவை படித்தேன். மொத்த எடைதான் இருக்கிறது. டப்பாவின் எடை எங்கே? அதைக் கழித்த எடை எங்கே? எங்கேயுமே இல்லை. தகர டப்பாவைத் தூளோடு சேர்த்துத் தராசில் வைத்திருக்கிறார்கள், அந்த மகா புத்திசாலிகள்! தகரத்தையும் போதைப் பொருள் கணக்கில் சேர்த்து என் தம்பியைப் பெரிய வியாபாரி ஆக்கியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அரசு வக்கீல் அதை உரக்கப் படித்திருக்கிறார், நம் வாய்தா இரண்டு மனு போட்டிருக்கிறார், நீதிபதி இரண்டு தடவை தள்ளுபடி செய்திருக்கிறார். இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூட இது கண்ணில் படவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

நம் கடையில் இது நடக்குமா? பித்தளைத் துண்டு, ஆணி, திருகாணி எது வந்தாலும் டப்பாவில் போட்டுத்தான் எடை போடுகிறோம். அதற்கு முன்னால் ஒவ்வொரு டப்பாவையும் காலியாக நிறுத்து, அடியில் நீலப் பெயிண்டால் எடையை எழுதி வைக்கிறேன். தலைகீழாகப் பார்த்தால் ஆறு ஒன்பதாகிவிடும் என்று கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. "அக்கா டப்பாவுக்கெல்லாம் கையெழுத்துப் போடுது" என்று நீ கேலி செய்வாயே. எட்டாவதோடு படிப்பை விட்ட பழைய இரும்புக் கடைக்காரிக்குத் தெரிந்தது, இவர்கள் சட்டப் புத்தகத்தில் இல்லை.

வாய்தாவிடம் அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "இத நான் கவனிச்சுதான் வெச்சிருந்தேன்" என்றார். தூ! மூன்றாம் மனு இன்று போட்டாயிற்று. டப்பாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் காலி செய்து எடை போட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். முந்நூறு கிராம் தகரம் இருந்தால் போதும், நீ கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவாய்.

பிடிபட்ட அன்று டப்பாவைத் திறந்து காட்டியிருப்பார்கள் அல்லவா? கனத்த தகரமா, லேசானதா? எவ்வளவு உயரம்? உடனே எழுது. எனக்கு உயரமும் கனமும் தெரிந்தால் போதும், எடையை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார்.

இப்படிக்கு,
அக்கா

*

புதன்கிழமை

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. டப்பா எப்படி இருந்தது என்று கேட்டால், "டப்பாவ விட்டுடு அக்கா, வேற வழி பாக்கலாம், எனக்கு உள்ள பழகிடுச்சு" என்று எழுதுகிறாயே, உனக்கு மூளை கலங்கிவிட்டதா? வேறு என்ன வழி இருக்கிறது? சுரங்கம் தோண்டுவதா? (சிறை ஐயா பயப்பட வேண்டாம், இவனுக்குக் கடை வாசலில் பள்ளம் மூடக்கூடத் துப்பு கிடையாது.)

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஊசி போடும் டாக்டரைப் பார்த்தால் காய்ச்சலே இல்லை என்பாய். இன்னொரு தடவை கோர்ட்டில் எல்லோர் காதிலும் உன் பெயர் விழும் என்று கூச்சமா? நாளைக்கு எடை போடச் சொல்லி உத்தரவு ஆகிவிட்டது. உன் பயத்தை மடித்துப் பாயடியில் வை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வந்தால் தங்குவதற்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். பாப்பா உனக்கென்று படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதில் உனக்கு மட்டும் ஆறு விரல்.

இப்படிக்கு,
கோபத்துடன் அக்கா

*

வியாழக்கிழமை மாலை

தம்பி,

இந்தக் கடிதத்தைச் சிறை ஐயா படிக்க மாட்டார். உனக்கு மாற்றுச் சட்டை கொண்டுவரும் அத்தானிடம், சட்டைப் பையில் மடித்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். அத்தான் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து படி. பக்கத்து ஸீட்டில் யாராவது பையை வைத்துவிட்டுப் போகிறார்களா என்றும் பார்த்துக்கொள்.

உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. முழுக்கதையையும் கேள்.

பதினொரு மணிக்கு டப்பாவைக் கொண்டுவந்தார்கள். சாக்குத் துணி சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, கல்யாணப் பெண்ணைப் போல இரண்டு பேர் காவலோடு வந்தது. சாமான் அறைக் குமாஸ்தா முத்திரையை உடைத்தார். தூளை ஒரு தாளில் கொட்டினார். இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு, இந்த முட்டாள் கூட்டத்தின் முகத்தில் கரி பூசப் போகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒட்டியிருந்த தூளை உதிர்க்கக் குமாஸ்தா டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டினார். நீலப் பெயிண்டில் முந்நூற்று அறுபத்தொன்பது. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

குமாஸ்தா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். டப்பாவைத் தராசில் வைத்தார். முந்நூற்று அறுபத்தொன்பதேதான், ஒரு கிராம் ஏறவில்லை, இறங்கவில்லை. கோர்ட்டே சிரித்தது. நம் வாய்தாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "ஐயா, எடை போட்டவங்க டப்பாவத் திருப்பிப் பாத்திருந்தாவே போதுமே, டப்பாவே சாட்சி சொல்லுதே!" என்று முழங்கினார். நீதிபதியும் சிரித்துவிட்டு, தூள் தொள்ளாயிரத்து இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டு, இன்ஸ்பெக்டரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, ஜாமீன் கொடுத்துவிட்டார்.

ஒருத்தன் கேட்கவில்லையடா. அத்தனை பேரில் ஒருத்தனாவது, இதை யார் எழுதியது, எந்தக் கடை டப்பா இது என்று கேட்டானா? அரசு வக்கீலுக்குத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டருக்குத் தோன்றவில்லை. என் கையெழுத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் போல மடையர்கள் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். பிறகுதான் அந்த நினைப்பு என் பக்கமே திரும்பியது. அறுபத்து மூன்று நாளாக, அதற்கு மேலும், உன்னை நம்பி ஊரெல்லாம் சண்டை போட்டவள் யார்? ஊரான் தராசில் குற்றம் கண்டுபிடித்தேன், என் வீட்டில் ஒரு டப்பா குறைந்தது எனக்குத் தெரியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, வெட்டியதும் நான்தான்.

டப்பாவை விட்டுவிடு என்று நீ எழுதியதற்கு இப்போது அர்த்தம் புரிந்தது. கூச்சம் என்று நினைத்தேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் ஜாமீன்தார் கையெழுத்து. மனுவில் எழுதிக் கொடுத்தபடி நானும் அத்தானும் கடைப் பத்திரத்தோடு நிற்க வேண்டும். கோர்ட் குமாஸ்தா வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்றார். தம்பி என்றேன். "அவர உங்களுக்கு எத்தன வருஷமா நல்லாத் தெரியும்?" என்றார். பிறந்ததிலிருந்து தெரியும் என்றேன். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் சொல்லப்பட்ட பெரிய பொய் அதுதான். கையெழுத்தைப் போட்டேன். அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

போடாமல் வந்திருக்கலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தால் நீ உள்ளேயே கிடந்திருப்பாய், அதுதான் நியாயம் என்று இப்போதும் தோன்றுகிறது. ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கை போட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிடங்குக்குப் போனேன். இடித்த மருந்துக் கடையிலிருந்து வந்த டப்பா மொத்தம் பத்து, அடியில் நீலம் தீட்டி ஆணி அலமாரியில் நானே அடுக்கியவை. ஆறு இருக்கிறது. ஒன்று கோர்ட்டில் இருக்கிறது. மிச்சம் மூன்றைக் கேட்டு நான் எங்கே போவது? ஆக, அந்த பஸ் பயணம் முதல் தடவை இல்லை. என்னடா கடத்தல்காரன் நீ, அடியில் அக்காவின் கையெழுத்து இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கக்கூட வக்கில்லாமல்! அந்த நீதிபதியை, போலீஸை, வாய்தாவை எல்லாம் காறித் துப்பினேன். அவர்கள் வேலையைச் சரியாகச் செய்யாதவர்கள், அவ்வளவுதான். நீ பாப்பா மேல் சத்தியம் பண்ணினாய்.

ஈயச் சொம்புக்காரம்மா முதல் பாத்திரத்தைக் கொண்டுவந்த அன்று தராசைப் பிடித்தவன் நீ. "பாவம் அக்கா, பையன் தூள் போடுறானாம்" என்று என்னிடம் சொன்னவனும் நீ. சொல்லும்போது உன் குரல்கூடக் கம்மியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ விற்றதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ, அந்தக் கம்மிய குரலை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை. அந்தப் பானையை நான் உருக்கப் போடவில்லை. உன் அறையில், படுக்கைக்கு எதிரே வைத்திருக்கிறேன்.

நிபந்தனையைக் கேட்டுக்கொள். வழக்கு முடியும்வரை ஜாமீன்தார் முகவரியில்தான், அதாவது என் வீட்டில்தான், நீ தங்க வேண்டும். தினமும் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஊரைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் கோர்ட் போட்டவை. நான் ஒன்று போடுகிறேன். பாப்பா ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொள்வாள். அதற்கு முன்னால் நீ கடைக்குள் வந்து என்னைப் பார்க்க வேண்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த கைதான் கையெழுத்துப் போட்டது. அந்தக் கையால் உன்னை அறையலாம் போலவும் இருக்கிறது, உனக்குச் சோறு போடலாம் போலவும் இருக்கிறது. எது முதலில் நடக்கும் என்று நீ உள்ளே வந்து நிற்கும்போதுதான் எனக்கே தெரியும்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். முதலில் உள்ளே இருப்பதைக் கொட்டு, பிறகு தராசில் வை. யாருக்காகச் செய்தாய், எத்தனை தடவை, அந்த மூன்று டப்பா எந்த வீட்டுக்குப் போனது, ஒன்று விடாமல் என் முன்னால் கொட்டு. இன்னொரு பொய்யைக் கொண்டுவருவதாக இருந்தால் இந்த பஸ்ஸிலிருந்து இறங்காதே, அப்படியே எங்காவது போய்விடு. என் ஜாமீன் முறியட்டும், கடை போகட்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்தால், மிச்சம் நீ எவ்வளவு இருந்தாலும், ஒரு பிடிதான் இருந்தாலும், எனக்கு வேண்டும்.

வந்துவிடு தம்பி.

இப்படிக்கு,
உன்னைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்ட அக்கா